விளம்பரப் படத்தில் நிறமும் வடிவமும்: வணிகர்களுக்கு ஒரு பாடம்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த நாளில், முத்தைப் பித்தளைச் சல்லடையில் இட்டு அளவு பிரித்தார்கள். நிறமும் உருட்சியும் பார்த்து விலை வைத்தார்கள். கடைசிக் குளிப்பு 1961-இல் நடந்தது. இன்று வாடிக்கையாளர் நம் சரக்கைக் கையில் எடுக்கும் முன்பே செல்போனில் விளம்பரப் படமாகப் பார்த்துவிடுகிறார். அங்கே நிறத்தையும் வடிவத்தையும் கம்ப்யூட்டர் மாற்றித் தருகிறது. எதுவரை மாற்றலாம் என்பதே இந்தப் பாடம்.

படம் செய்பவர் ஸ்டூடியோக்காரர்தான். ஆனாலும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. 1993-இல் வெளிவந்து, இப்போது அடோபி நிறுவனத்திடம் உள்ள ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம்.

1. நிற ஃபில்டர்: மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த கல்லுப்பு மஞ்சளாகத் தெரியும். சில டியூப் லைட்டில் மக்ரூன் பச்சை தட்டும். இது விளக்கின் குறை. சரக்கின் குறை அல்ல. எனவே படம் எடுக்கும்போது சரக்கின் அருகே ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். 'கர்வ்ஸ்' ஃபில்டரில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைத்து, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை திருத்தினால் போதும். அதற்கு மேல் நீலத்தை ஏற்றினால் உப்பு, நீலம் போட்ட வேட்டிபோல் ஆகும். வெளிச்சத்தை அதிகம் ஏற்றினால் பரல் பரலாக இருக்கும் உப்பு ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். 'சாச்சுரேஷன்' கூட்டினால் மிளகாய்த்தூள் சாயம் கலந்ததுபோல் தோன்றும்.

2. வளைப்பு ஃபில்டர்: 'பல்ஜ்' ஒரு இடத்தை உப்பவைக்கும். 'வேவ் வார்ப்' அலைபோல் நெளியவைக்கும். கடைப் பெயரும் பண்டிகை வாழ்த்தும் அலையாடி வரட்டும். நம் கடற்கரை ஊருக்கு அது அழகே. ஆனால் முந்திரிப் பருப்பையோ கருவாட்டையோ உப்பவைத்துக் காட்டக் கூடாது. செல்போன் லென்ஸில் வளைந்து தெரியும் அலமாரியை 'ஆப்டிக்ஸ் காம்பென்சேஷன்' கொண்டு நேராக்குவது முறையான திருத்தம்.

3. வரிசை: ஃபில்டர்கள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும். முதலில் விளக்கின் நிறத்தைத் திருத்தி, பிறகே அலங்காரம் செய்யச் சொல்லுங்கள். அலங்காரம் எழுத்து லேயரில் மட்டும் இருக்கட்டும். சரக்கின் மேல் ஏற வேண்டாம்.

4. சட்டம்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 21-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தவோ மாற்றவோ வணிகருக்கு உத்தரவிடலாம். தயாரிப்பாளருக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மறுமுறை செய்தால் 50 இலட்சம் வரையிலும் அபராதம் உண்டு. பிறர் தயாரித்த சரக்கில் தம் முத்திரையைப் போட்டு விற்பவரும் இச்சட்டப்படி தயாரிப்பாளரே. சொந்தப் பெயரில் உப்பு, மசாலாப் பாக்கெட் போடும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சி: படம் தயாரானதும், பகல் வெளிச்சத்தில் சரக்கை ஒரு தட்டில் வைத்துப் பக்கத்தில் செல்போனை வையுங்கள். கடைப் பையன் இரண்டும் ஒன்றே என்று சொன்னால் படத்தை வெளியிடலாம். படம் பார்த்து வந்தவர் பண்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனால், ஒரு நாள் வியாபாரத்தோடு அது நிற்காது. தெருவே வேறு கடைக்குப் போய்விடும்.