வைஸ் மேல் விழும் வெளிச்சம்: பட்டறையில் லக்ஸ் அளப்பது எப்படி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப், இரவு எட்டரை மணி. ஒரு ஃபிட்டர் வைஸிலிருந்து பீஸைக் கழற்றினார், நாலடி தள்ளிப் போனார், விளக்குக்கு நேர் கீழே நின்று வெர்னியரைப் படித்தார், திரும்பி வந்து மாட்டினார். அரை மணி நேரத்தில் ஏழு தடவை இந்த நடை. ஆபீஸ் ஃபைலில் அந்த ஷெட்டுக்கு 420 லக்ஸ் என்று எழுதியிருந்தது. வைஸ் தாடை மேல் மீட்டரை வைத்தேன். 200 காட்டியது. அவர் குனிந்து வேலை செய்யும்போது பார்த்தால் 130. ஃபைலில் இருந்த எண் பொய்யில்லை. யாரோ நடைபாதையில் நின்று எடுத்த அளவு அது.

பொன்னேரியிலிருந்து ஷிஃப்டுக்கு ரயிலேறிப் போகிறவர்களின் கண்ணும் விரலும் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் கை வேலை செய்யும் இடத்தில் வெளிச்சத்தைச் சரியாக அளப்பது எப்படி என்று சொல்கிறேன். மெயின்டனன்ஸ் ஆள் ஒருவரும் குறிப்பு எழுத இன்னொருவரும் இருந்தால் ஒரே இரவில் ஒரு பே முடிந்துவிடும்.

முதலில் மீட்டர். செல்போன் ஆப் வேண்டாம். சாய்வாக வந்து விழும் ஒளியை அது சரியாகக் கணக்கெடுக்காது. போனுக்குப் போன் எண்ணும் மாறும். லக்ஸ் மீட்டரின் தலையில் பால் நிறத்தில் ஒரு குமிழ் இருக்கிறதே, பக்கவாட்டு ஒளியைச் சரியாக வாங்கிக்கொள்வது அதன் வேலை. அதற்கடியில் இருக்கும் ஃபில்டர் அதைவிட முக்கியம். நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவு பிரகாசமாகப் பார்ப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் பக்கம் உள்ள பச்சைக்குத்தான் கூர்மை அதிகம். சிவப்புக்கும் ஊதாவுக்கும் குறைவு. 1913இல் தொடங்கி இன்று வியன்னாவைத் தலைமையகமாகக் கொண்டிருக்கும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ, கண்ணின் இந்தக் கூர்மையை 1924இல் ஒரு வளைகோடாக வரைந்து ஏற்றுக்கொண்டது. உலகத்தில் எந்த லக்ஸ் மீட்டரும் அந்தக் கோட்டைத்தான் பின்பற்ற வேண்டும். எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு எஃப்1 பிரைம் என்று பெயர். ஐஎஸ்ஓ/சிஐஇ 19476 தரத்தில் விளக்கம் இருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் நல்லது. மீட்டர்களை வழக்கமாக 2856 கெல்வின் குண்டு பல்பு ஒளியை வைத்துத்தான் காலிபரேட் செய்வார்கள். ஃபில்டர் மட்டமான மீட்டர் அந்த ஒளியில் சரியாகக் காட்டும், எல்இடிக்குக் கீழே தடம் மாறும். காலிபரேஷன் சான்றிதழ் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து வந்ததா, தேதி தாண்டாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அளப்பதற்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். அளந்த பிறகு இலக்கைத் தேடினால், கிடைத்த எண்ணுக்குத் தோதாக மனம் வளைந்துவிடும். உள்ளரங்க வெளிச்சத்துக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3646. ஒவ்வொரு வேலைக்கும் அது மூன்று எண் தருகிறது. நடுத்தர நுணுக்கமுள்ள பெஞ்ச், மெஷின் வேலைக்கு 300-500-750. வழக்கமான நிலைமைக்கு நடு எண். தவறு நேர்ந்தால் நஷ்டம் பெரிது என்றாலோ, பொருள் கறுத்து ஒளியை விழுங்குகிறது என்றாலோ மேல் எண். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8995இன் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு டாலரன்ஸை வைத்துப் பிரித்தது: 0.1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 300 லக்ஸ், அதைவிட நுணுக்கம் என்றால் 500. ஐம்பது வயது தாண்டிய ஆட்கள் அதிகமுள்ள ஷாப்பில் நான் எப்போதும் மேல் எண்ணைத்தான் எழுதுவேன். அந்த வயதில் அதே கோட்டைப் படிக்கக் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

அளவை இருட்டிய பிறகு எடுங்கள். பகலில்தான் முடியும் என்றால் விளக்கு எரியும்போது ஒன்று, அணைத்துவிட்டு ஒன்று என்று எடுத்துக் கழித்துக்கொள்ளலாம். மேகம் ஓடும் நாளில் அதுவும் கெடும். விளக்கு போட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மூடி போட்ட மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை இடத்தில் அளப்பது? நீளத்தையும் அகலத்தையும் பெருக்குங்கள். அதை, வேலை மட்டத்திலிருந்து விளக்குக்குள்ள உயரத்தால் வகுங்கள். வந்ததை நீளம், அகலம் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். நாங்கள் பார்த்த பே 24 மீட்டருக்கு 12 மீட்டர், விளக்கு உயரம் 6 மீட்டர். 288ஐ 216ஆல் வகுத்தால் 1.33. விடை 1க்குக் கீழே வந்தால் 4 இடம், 1 முதல் 2 வரை 9, 2 முதல் 3 வரை 16, அதற்கு மேல் 25. இவை குறைந்தபட்சம். தரையைச் சம கட்டங்களாகச் சாக்பீஸில் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும், பெஞ்ச் உயரத்தில் மீட்டரை மட்டமாக வையுங்கள். கட்டத்தின் நடு எல்லாமே விளக்குக்கு நேர் கீழே வந்தால் கட்டத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் எண் ஏமாற்றும். வெள்ளைச் சட்டை போட்டுப் பக்கத்தில் நின்றாலும் எண் ஏறும்; கை எட்டும் தூரத்துக்கு விலகி நில்லுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தவை: 420, 390, 310, 450, 430, 340, 280, 260, 200. சராசரி 342. ஆடிட்டர் 300 கேட்டிருந்தால் டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார். கடைசி எண்தான் ஃபிட்டரின் மூலை. குறைந்ததைச் சராசரியால் வகுத்தால் 0.58. கை வேலை செய்யும் பரப்புக்குள் இந்த விகிதம் 0.7க்குக் குறையக் கூடாது என்பது ஐஎஸ்ஓ 8995இன் அதே 2002ஆம் ஆண்டுப் பதிப்பின் விதி. முழு பேவுக்கும் அந்த விதியைப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு வைஸ், லேத், சோதனை மேசை மேலும் தனியாக நாலைந்து அளவு எடுத்துப் பாருங்கள். அப்போது ஆளை அவர் வழக்கமாக நிற்கும்படியே நிற்கச் சொல்லுங்கள். டயல் செங்குத்தாக இருந்தால் மீட்டரையும் செங்குத்தாகவே பிடியுங்கள்.

லேத் பக்கம் போனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான டிரைவர் வைத்த எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். நாலு தாடை சக் 1500 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, ஒரு புள்ளியை நொடிக்கு சரியாக 100 தாடைகள் கடக்கும். அந்த வெளிச்சத்தில் சுற்றும் சக் நின்றுவிட்டது போலத் தெரியும். மூன்று தாடைக்கு அந்த வேகம் 2000. கை நீட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போன் கேமராவின் ஸ்லோமோஷனில் விளக்கைப் படம் எடுத்து, வெளிச்சம் துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் டிரைவரை மாற்றுங்கள். மாற்றும்வரை பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் போடுங்கள்.

பெயின்ட், பவுடர் கோட்டிங் ஷாப்பில் லக்ஸ் மட்டும் போதாது. உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு பேனல்கள் லாரியில் ஏற்றியதும் வேறு வேறு நிறமாகத் தெரிவது, அவற்றின் நிறமிகள் வேறாக இருப்பதால். ஒரு ஒளியில் ஒத்துப்போவது இன்னொன்றில் பிரியும். அதனால் சிஐஇ வகுத்த டி65 பகல் ஒளி தரும் பெட்டிக்குள் வைத்து நிறம் ஒப்பிட வேண்டும். அட்டையில் 6500 கெல்வின் என்று போட்ட கூல் ஒயிட் டியூப் டி65 ஆகிவிடாது. விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ என்னும் ஆர்ஏ எண், வெளிர் நிறங்கள் எட்டின் சராசரிதான். அடர் சிவப்புக்கான ஆர்9 அதில் சேராது. சிவப்பு பெயின்டும் துருவும் பார்க்கிற இடத்துக்கு விளக்கு வாங்கினால் ஆர்9ஐத் தனியாகக் கேளுங்கள்.

குறை கண்டதும் விளக்கு வாங்க ஓடாதீர்கள்; முதலில் இருக்கிற விளக்கையும் கண்ணாடியையும் துடையுங்கள். ஃபர்னஸும் ரோலிங் மில்லும் உள்ள ஊரில் தூசி எங்கே படியும் என்று தெரியும். ஸ்கைலைட்டையும் ஜன்னலையும் உள்ளும் புறமும் சுத்தமாக வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே எழுதிவைத்தது; கண் கூசும் ஒளியும் களைப்பூட்டும் நிழலும் கூடாது என்பதும் அதில் இருந்தது. துடைத்த பிறகு அதே கட்டங்களில் மறுபடி அளந்து, தேதி, மீட்டர் எண், விளக்கு வகை எல்லாவற்றையும் படத்தோடு பதியுங்கள்.

எங்கள் ஃபிட்டருக்குத் துடைப்பு மட்டும் போதவில்லை: 130 என்பது 170 ஆனது. அவர் வலக்கைக்காரர். இடது தோளுக்கு முன்பக்கம் ஒரு சின்ன விளக்கைத் தாழ்த்திக் கட்டினோம். அவர் குனிந்து நிற்க, தாடை மேல் மீட்டர் 540 காட்டியது. வெர்னியரை வைஸ் முன்னாலேயே நின்று படித்தார்.