புண்ணாக்கிலுள்ள பூஞ்சண நஞ்சை ஆய்வுகூடத்தில் அறிதல்

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுள் மாண்டன. நோய்க்கிருமி எதுவும் அகப்படாமையால் அதனை 'எக்ஸ் நோய்' என்றனர். பிறேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கே காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதில் வளர்ந்த அசுப்பெர்கிலசு பிளேவசு என்னும் பூஞ்சணத்தின் அனுசேபத்தால் உண்டாகிய நஞ்சே அபிளாதொட்சின் ஆகும். ஈரம் நீங்காத கச்சான், கொப்பரா, சோளம் ஆகியவற்றிலும் இது தோன்றும்.

பூஞ்சணம் கண்ணுக்குப் புலப்படாதவிடத்தும் நஞ்சு எஞ்சியிருத்தல் கூடும். கொதிக்க வைத்தாலும் அது முற்றாக அழிவதில்லை. ஆதலின் ஆய்வுகூடச் சோதனை அவசியமாகின்றது.

தொடக்கத்தில், ஒரு நாட் பருவமுள்ள வாத்துக்குஞ்சுகளுக்குச் சாற்றை ஊட்டி, ஈரலிலே பித்தக் கான்கள் பெருகியுள்ளனவா என்று பார்த்தனர். பின்னர் மெல்லிய படை நிறப்பகுப்பு முறை வழக்கத்துக்கு வந்தது. அரைத்த மாதிரியிலிருந்து நஞ்சைக் குளோரோபோமினாற் பிரித்து, சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டில் ஒரு துளி இடுவர். அருகே அளவு தெரிந்த தூய நஞ்சையும் இடுவர். கரைப்பான் மேலேறிய பின், இருட்டறையில் ஊதாக்கடந்த ஒளியிற் பார்த்தால் 'பீ' வகை நீலமாகவும் 'ஜீ' வகை பச்சையாகவும் ஒளிரும். நீலமாக ஒளிர்வன வேறு பொருள்களும் உள. எனவே நிறம் மட்டும் போதாது, ஏறிய உயரமும் ஒத்திருத்தல் வேண்டும். இக்காலத்தில் உயர் அமுக்கத் திரவ நிறப்பகுப்பும் பிறபொருளெதிரிச் சோதனைகளும் கையாளப்படுகின்றன.

கறவை மாடு நஞ்சுள்ள தீனை உண்டால், அதன் ஈரல் பீ1 நஞ்சின் ஒரு பகுதியை எம்1 ஆக மாற்றும். ஒரு நாளுக்குள் அது பாலிற் காணப்படும். தீனை நிறுத்தினாற் சில நாட்களில் மறையும். ஆகவே பாலைச் சோதித்துத் தீனின் குற்றத்தை அறியலாம். சர்வதேச உணவு நியமப்படி ஒரு கிலோகிராம் பாலில் 0.5 மைக்குரோகிராமுக்கு மேல் எம்1 இருத்தலாகாது. மாடு நலமாகத் தோன்றும்போதே குழந்தைகள் அப்பாலைப் பருகிக்கொண்டிருப்பர் என்பதே இதிலுள்ள அபாயம்.

மாதிரி எடுப்பதிலேதான் பெரும் பிழை நிகழ்கின்றது. நஞ்சு சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு சாக்கிலே சில பருப்புகளில் மாத்திரம் திரண்டிருக்கலாம். சாக்கின் வாயிலிருந்து அள்ளிய ஒரு பிடியை எத்துணை நுட்பமாகச் சோதிப்பினும் பயனில்லை. பல சாக்குகளின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து எடுத்து, நன்கு கலந்து, அதிலொரு பங்கை அனுப்புக. உலர்ந்த துணிப்பையோ கடதாசிப்பையோ உகந்தது. பொலித்தீன் பையில் ஈரம் தங்கினால் வழியிலேயே பூஞ்சணம் வளரும். வாங்கிய திகதியையும், விலங்குகள் தீன் மறுத்த நாளையும் குறித்தனுப்புக. முடிவு வரும்வரை அப்புண்ணாக்கை மாட்டுக்கோ வாத்துக்கோ கொடாது வேறாக வைத்தல் வேண்டும்.