வகுப்புக்குள் வந்து தள்ளினால் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத மாணவனைக் கண்டித்தேன். மறுநாள் பாடம் நடக்கும்போது அவனுடைய அப்பா நேராக வகுப்புக்குள் வந்து, பிள்ளைகள் முன்னால் அசிங்கமாகத் திட்டி என்னைப் பிடித்துத் தள்ளினார். “வெளியே வா, பார்த்துக்கிறேன்” என்று மிரட்டினார். தலைமை ஆசிரியரோ, “ஊர்ப் பகை எதுக்கு டீச்சர், பேசி முடிச்சுக்கலாம்” என்கிறார். போலீசுக்குப் போகலாமா?
– ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில் (வழக்கறிஞர்): தாராளமாகப் போகலாம். பேச்சுவார்த்தை பிறகு நடக்கட்டும், முதலில் நடந்தது பதிவாக வேண்டும்.

நீங்கள் அரசு ஊழியர். பணி செய்யவிடாமல் ஓர் அரசு ஊழியரைத் தாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆம் பிரிவில் குற்றம். 2 ஆண்டு வரை சிறை உண்டு. காயம் பட்டிருக்க வேண்டியதில்லை, தள்ளியதே போதும். காயம் பட்டிருந்தால் 121-ஆம் பிரிவு. மிரட்டலுக்கு 351.

நேரம், அவர் சொன்ன வார்த்தைகள், பார்த்த சாட்சிகள் எல்லாவற்றையும் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். வலி இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதையும் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் ‘தகராறு செய்தார்’ என்று மட்டும் எழுதினால் விஷயம் வழக்காகாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடலாம். ‘பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தள்ளினார்’ என்று எழுதுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. மாணவனை அடித்திருந்தால் மறைக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். ஆனாலும் அது அவர் உங்கள் மேல் கை வைத்ததை நியாயமாக்காது.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த 132 கிடைக்காது. சாதாரணக் காயம், மிரட்டல் பிரிவுகள்தான். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தது. அது ஆசிரியர்களுக்குப் பொருந்தாது.

வெளியாட்கள் நேராக வகுப்புக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் கடமை தலைமை ஆசிரியருக்கும் உண்டு. 2024 நவம்பரில் தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில், வெளியிலிருந்து வந்தவர் ஆசிரியையைக் குத்திக் கொன்றார். யார் வந்தாலும் முதலில் அலுவலகம், பிறகுதான் வகுப்பு என்ற விதியைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். அவர்களே போட்ட விதியை ஊர் எளிதில் மீறாது.