சாட்சி சொல்லப் போகும் சபைத் தலைவர்களுக்கு

ஒரகடம் பக்கம் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வருகிறவர்களும் உண்டு. உங்கள் சாட்சி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

பழைய பாவங்களை விலாவாரியாக அடுக்காதீர்கள். ‘குடித்தேன், சம்பளம் வீடு வந்து சேரவில்லை’ என்றால் போதும். மனம் திரும்பியபின் முதலில் யாருடைய கடனை அடைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அதுதான் கேட்பவர் மனதில் நிற்கும்.

மனைவி, பிள்ளைகளைப் பற்றிப் பேசுமுன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் ஜெபத்துக்காகத் தனியே சொன்னதை மேடையேற்றவே கூடாது. ஒரே ஹாஸ்டல், ஒரே லைனில் வேலை. பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். சுகம் பெற்றதைச் சொன்னால் டாக்டரிடம் போனதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதை மறைத்தால், கேட்ட யாராவது மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.

விட்டு வந்த மார்க்கத்தை இழித்துப் பேசாதீர்கள். நமக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர், வைணவ ஆசாரியர் இராமானுஜர் பிறந்த ஊர். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனிடம் கற்ற தமிழைக் கைவிடாமல்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார்.

இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகள் வந்திருந்தால், மொழிபெயர்ப்பவரைப் பக்கத்தில் நிறுத்திச் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள்.