திண்ணனார் கற்ற விற்றொழில்

திருச்சிற்றம்பலம்

சைவ நன்மக்கள் பெரியபுராணம் ஓதுங்கால், கண்ணப்பநாயனார் புராணத்தில் ஒரு பகுதியை விரைந்து கடந்துபோதல் பெரும்பான்மையும் வழக்காயிருக்கின்றது. குடுமித்தேவரைக் கண்ட அளவிலே திண்ணனார் கசிந்துருகியதும், ஆறாம் நாளிற் கண்ணிடந்து அப்பியதும் ஓதுவார் நெஞ்சைக் கொள்ளை கொள்வன. அவற்றிற்கு முன்னே சேக்கிழார் சுவாமிகள் விரித்துரைத்த வில்விழாவும் விற்பயிற்சியும் கன்னிவேட்டையுமோ, 'வேடர்குல இயல்பு கூறியவாறு' என்னும் அளவில் ஒழிந்துபோகின்றன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம்மனோர்க்கு, மான் எய்யுங் கல்வியை ஆராய்தல் கூசத்தக்கதாகத் தோன்றுதலும் இயல்பே. ஆயினும், ஆசிரியர் ஒரு பகுதியைப் பல செய்யுளால் விரித்தாராயின், அது வாளா விரித்ததன்று. வேட்டுவன் வில்லிற் கற்பது யாது, அக்கல்வி கண்ணிடந்த அன்பிற்கு எவ்வாற்றான் துணையாயிற்று என்னும் இரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வில்லின் இயல்பு அறியற்பாலது. கௌடிலியர் தம் அருத்தசாத்திரத்தில், பனை, மூங்கில், மரம், கொம்பு என்னும் இவற்றான் வில் செய்யப்படும் என்றும், மரல், எருக்கு, சணல், மூங்கில் ஆகியவற்றின் நாரானும் விலங்கின் நரம்பானும் நாண் செய்யப்படும் என்றும் வகுத்தனர். ஒரே மரத்தான் இயன்று ஒருபக்கமே வளைந்திருப்பது எளிய வில். நாண் பூட்டுவதன் முன்னர் இருதலையும் எய்வோனுக்கு எதிர்ப்புறமாக மடங்கி நிற்பது மற்றொரு வகை. நடுவே மரமும், எய்வோனை நோக்கிய பக்கத்திற் கொம்பும், புறத்தே நரம்பும் வைத்துப் பசையான் ஒட்டி இவ்வகை வில்லைத் துருக்கரும் மங்கோலியரும் கொரிய நாட்டாரும் நெடுங்காலம் செய்துவந்தனர். இதன்கண் நாண் முதலில் வில்லின் மடங்கிய தலைகளின்மேற் படிந்து கிடக்கும். இழுக்க இழுக்க அது தலைகளை விட்டு எழும். எழவே, தலைகள் நெம்புகோல்போல உதவி, இழுப்பின் கடைசியில் வன்மை திடீரென மிகாதவாறு காக்கும். ஆதலின் குறுகிய வில்லும் மிக்க ஆற்றலைத் தன்னுள் அடக்கும். எவ்வகை வில்லாயினும், எய்தொழிந்த பின்னர் நாணைக் கழற்றி வைத்தல் மரபு. எப்பொழுதும் நாணேற்றியே கிடக்கும் மரவில் அவ்வளைவிலே நின்று தன் விசையை இழந்துவிடும்.

இனி, கற்குமாறு. வில்லோர்க்குரிய நிலை பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நான்காகக் கூறுப. இவற்றுள் பிரத்தியாலீடம் ஆலீடத்தைக் கால்மாறி நிற்பதாம். கால் நிலைத்த பின்னர்க் கை. நாணை இழுத்த விரல் ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தைச் சென்று தொடுதல் வேண்டும். அவ்விடம் ஒரு விரற்கடை பிறழ்ந்தால் அம்பு சேய்மையில் ஒரு முழம் பிறழும். அதன்பின்னர்க் கண். குறி காட்டும் கருவி யாதுமின்றி எய்வோன் அம்பின் நுனியை நோக்கான், இலக்கினையே நோக்குவான். இலக்கினுள்ளும் முழு மானை நோக்குவானல்லன். முன்னங்காலின் பின்னே நுரையீரல் உள்ள இடத்தில் ஒரு மயிரளவையே நோக்குவான். முழு மானையும் நோக்குவோன் மானைத் தவறவிடுவான் என்பது வில்லோர் அனுபவம். இறுதியில் விடுதல். விரலை வலிந்து பறித்தால் நாண் பக்கத்தே அசையும், அம்பு வழிதப்பும். விரல் தன் பற்றைத் தளர்த்துதல் மாத்திரையே செயற்பாலது. நாண் தானே செல்லும். ஆகவே, நிலை, இழுப்பு, நோக்கு, விடுதல் என்னும் நான்கனுள் முன்னை மூன்றும் முயற்சியான் வருவன. நான்காவது, முயற்சி தணிதலான் வருவது. இந்நான்காவதே கற்றற்கு அரியது.

மரப்பலகையை எய்தல் வேறு, மானை எய்தல் வேறு. மான் காற்றிலே மணத்தை அறியும்; நிழல் அசைந்தாலும் அஞ்சும்; நாணின் ஓசை கேட்ட அளவிலே உடலைத் தாழ்த்திப் பாயும். இதனைக் கணக்கிட்டு அறியலாம். ஓசை ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இவ்வகை வில்லினின்று செல்லும் அம்போ ஏறத்தாழ 50 மீட்டரே செல்லும். மான் 18 மீட்டர் தொலைவில் நிற்குமாயின், நாணோசை விநாடியில் இருபதில் ஒரு பங்கிற் சென்றெட்டும். அம்பு சென்றெட்டுதற்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கினும் சற்று மிகுதியான காலம் வேண்டும். இவ்விடைக்காலத்தில் மான் தாழ்ந்துவிடும். நுரையீரலிற் பட வேண்டிய அம்பு முதுகிற் படும். அல்லது வயிற்றிற் படும். நுரையீரலிற் பட்ட மான் சிறிது தொலைவிலே விழும். வயிற்றிற் பட்டதோ பலமணி நேரம் துடித்து அலைந்து, புதரிற் கிடந்து மாயும். ஆதலின், மரபறிந்த வேட்டுவன் இருபது கஜத்தின் உட்பட்டே எய்வான். ஓடும் மானை எய்யான். கிளை மறைத்த மானை எய்யான். எதிர்முகமாய் நிற்கும் மானையும் எய்யான். எய்த பின்னரும் உடனே துரத்தான். அரைமணி நேரமேனும் அமைந்திருந்து, குருதித்துளி பிடித்துச் சென்று, அம்மான் கிடைக்கும்வரை தேடுதலைத் தன் கடனாகக் கொள்வான். பல நாள் காத்து நின்று ஒன்றும் எய்யாது மீளுதலே அவன் வாழ்வில் மிகுதி. எனவே, எய்யக் கற்றதன்மேல் எய்யாமை கற்றலே வேட்டுவக் கல்வியின் முடிபு என்பது பெறப்படும்.

இஃது ஒரு நாட்டார்க்கே உரியதன்று. வட அமெரிக்காவிற் கலிபோர்னியா நாட்டில் யாகி என்னும் தொல்குடியார் அனைவரும் அழிந்தொழிய, எஞ்சிய ஒருவர் 1911-ஆம் ஆண்டில் ஓரவில் என்னும் ஊர்ப்புறத்தே வந்தனர். தம் பெயரை அவர் கூறாமையின், அவர் மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்னும் சொல்லால் அவரை அழைத்தனர். சான்பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்த காட்சிச்சாலையில் வாழ்ந்து, 1916-இல் என்புருக்கி நோயான் இறந்தனர். சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவரிடம் மாணாக்கராய் வில் செய்தலும் எய்தலும் கற்று, 1918-இல் அவற்றை எழுதி வெளியிட்டனர். மரத்தின் முதுகில் நரம்பொட்டி, தலைகளைச் சுடுகல்லில் வைத்து எதிர்ப்புறம் வளைத்த சிறுவில் இஷியினது. மான்வேட்டைக்கு முன்னாளில் அவர் மீன் உண்ணார், புகை பிடியார். வைகறையில் ஓடையில் நீராடி, மணமுள்ள இலைகளை மெய்யிற் பூசி, வாய் கழுவி, நீர் மாத்திரம் அருந்தி, உணவின்றிப் புறப்படுவார். மான் மோப்பம் அறியாதிருத்தற்பொருட்டு இவை செய்யப்பட்டன என்னலாம், உண்மையே. ஆயினும், நோன்பு என நாம் வழங்குவதன் புறவடிவம் இதனின் வேறோ? ஒன்றனை எய்தக் கருதுவோன் தன்னை முதலில் ஒடுக்கல் வேண்டும் என்பதனைக் காடும் கற்பிக்கின்றது.

நிற்க. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர்கோனாகிய நாகனுக்கும் தத்தைக்கும் மகவாய்த் தோன்றிய திண்ணனார், வில்விழா எடுத்துப் படைக்கலப் பயிற்சி தொடங்கி, பதினாறு ஆண்டு நிரம்பிய பருவத்தே கன்னிவேட்டைக்குச் சென்றார் என்பர் சேக்கிழார். அவ்வேட்டை தனிவேட்டையன்று, காட்டை வலையால் வளைத்து, நாயை விட்டு, பறை முழக்கி விலங்கினைக் கலைக்கும் பெருவேட்டை. அம்பு நாற்புறமும் பறக்கும் அச்செய்யுட்களின் நடுவே ஆசிரியர் ஒரு செய்யுளை வைத்துள்ளார். யானைக்கன்றினை அவ்வேடர் தொடரார். சிறு குட்டிகளைக் கொல்லார். கருவுற்று அடிதளர்ந்த பெண்மானை அலைக்கமாட்டார் என்பது அதன் கருத்து. இச்செய்யுளை விரைந்து கடத்தல் தகாது. திறந்த காட்டிலாயின், கன்று தப்புதற்கு அதன் காலே துணையாம். வலை வளைத்த காட்டிலோ தப்பும் வழியில்லை. ஆண்டுச் சினைமானுக்குத் திறந்திருக்கும் வாயில் வேட்டுவனது நெஞ்சம் ஒன்றே. கொலைத்தொழிலின் நடுவிலும் அவ்வாயில் அடைபடாதிருந்தது என்று காட்டவே ஆசிரியர் அச்செய்யுளை ஆண்டு வைத்தனர் என்க.

அற்றேல், கொல்லுந்தொழில் அன்பிற்கு ஏதுவாம் என்று கொள்ளற்பாலதோ? வள்ளுவர் புலான்மறுத்தலை 26-ஆம் அதிகாரத்தும், கொல்லாமையை 33-ஆம் அதிகாரத்தும் வைத்துத் துறவறத்தின் உயிராகக் கூறினாரன்றே? எனின், அங்ஙனம் கொள்ளற்க. குடத்திற்கு மண் முதற்காரணம்; திகிரி துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணன். திண்ணனாரது அன்பிற்கு முற்பிறப்பிற் செய்த தவம் முதற்காரணம் எனத்தகும். சேக்கிழாரும் அத்தவத்தையே எடுத்தோதினர். திருக்காளத்தியப்பரது திருவருள் நோக்கம் நிமித்தம். விற்கல்வி திகிரிபோல் நின்றது. மண்ணின்றித் திகிரியைச் சுழற்றுவோன் குடம் பெறான். தவமும் அருளுமின்றி மானைக் கொல்வோன் பெறுவது ஆகாமிய வினையேயாம். அன்றியும், ஊனைக் கண்டு வருந்திய சிவகோசரியாரை இறைவன் முனிந்தானல்லன். அவர் ஆகம முறையாற் செய்த தூய்மையையும் விலக்கினானல்லன். திண்ணனாரது அன்பின் நிலையை அவர்க்குக் காட்டியருளினன்; அத்துணையே. ஆதலின், கொல்லாமை என்னும் விதி அணுவளவும் தளர்ந்ததின்று.

இனி, அத்திகிரி செய்த உதவி யாதெனின் கூறுதும். வேட்டையிற் குருதியைக் காண்டல் வேட்டுவனுக்கு உவகை. அம்பு பட்டதற்கும் மான் சென்ற வழிக்கும் அதுவே சான்று. ஆறாம் நாளிற் குடுமித்தேவரது திருக்கண்ணிற் குருதியைக் கண்ட திண்ணனார்க்கோ, கையிலிருந்த ஊனும் வில்லும் சிதறி வீழ்ந்தன. வேட்டுவப் பழக்கத்தில் உவகை தந்த அதே காட்சி இப்பொழுது அவரை மயக்கி வீழ்த்தியது.  பின்னர், வேட்டுவராதலின், 'எய்தவர் யாவர்?' என்றே மலைச்சாரல் முழுதும் தேடினர், காணாராயினர். பச்சிலை பிழிந்தனர், குருதி நின்றிலது. அப்பொழுது அவர் கையில் எடுத்தது அம்பு. அவ்வம்பு அதுகாறும் பிறவுயிரின்மேற் சென்ற அம்பே. இப்பொழுது தம் கண்ணின்மேற் சென்றது. மயிரளவு இலக்கினையும் தப்பாத கை, தம் உடம்பில் மிக அரிய உறுப்பினிடத்தும் நடுங்கிற்றிலது. மற்றைக் கண்ணிலும் குருதி கண்டபொழுது, தம் கண் போனால் இலக்குப் புலனாகாது என்று முன்னறிந்து, திருக்கண்ணிற் காலை ஊன்றி அடையாளம் வைத்தனர். இது பித்தர் செயலன்று. இலக்கை இழத்தல் ஆகாது எனக் கற்ற வில்லாளர் செயல். திருவடி சூட்டுதற்குரிய திருமுடியிற் காலை வைத்த அச்செயலையும் இறைவன் அன்பாகவே கொண்டு, கை நீட்டித் தடுத்தருளினன்.

இதனாற் போந்த கருத்து யாது? மேற்கூறிய நான்கனுள் இறுதியாகிய விடுதல் ஈண்டு நிறைவுற்றது. நாணைப் பற்றிய விரல் தளர்தல் சிறிய விடுதல். 'யான், எனது' என்னும் பற்றுத் தளர்தல் பெரிய விடுதல். ஆணவமலத்தின் பிடியும் வலிந்து பறிக்குந்தோறும் பிறழ்வதே. 'யான் விட்டேன்' என்னுஞ் செருக்கு அவ்விடுதலினுள்ளும் மறைந்து நிற்கும். அருள் முன்னின்று ஈர்க்க, ஆன்மா தன் பற்றினைத் தளர்த்தும் பொழுதே அது செவ்விதாய் நிகழும். நக்கீரதேவரும் கல்லாடதேவரும் தனித்தனியே திருமறம் பாடிக் கண்ணப்பரைப் போற்றியதும், அவை பதினோராந் திருமுறையில் வைக்கப்பெற்றதும் இவ்வன்பின் அருமை நோக்கியே.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தான் மான்வேட்டை விலக்கப்பட்டுள்ளது; அது சைவர்க்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும், வில்லேந்தாத நம்மிடத்தும் அம்புகள் பல உள. கடுஞ்சொல் ஓரம்பு, புறங்கூற்று ஓரம்பு, வலையுட்பட்டு வழியின்றி நிற்கும் எளியாரிடத்து நாம் காட்டும் அதிகாரம் ஓரம்பு. கருவுற்ற மானைக் கண்டு நாணைத் தளர்த்திய வேடரினும் நாம் தாழ்ந்தவராகலாமோ? கண்ணப்பர் புராணத்தை இனி ஓதுவோர் கன்னிவேட்டைப் பகுதியைக் கடந்துபோகாது, அவ்வொரு செய்யுளில் நின்று, தம் கையில் உள்ள அம்பு யாது என்று நோக்குவாராக. அந்நோக்கு உண்டாயின், அம்பு திரும்பும் காலத்தைத் திருவருள் கூட்டிவைக்கும்.

திருச்சிற்றம்பலம்