பொருள்நோக்கு நிரலாக்கத்தில் தமிழ்ச் சரங்களைக் கையாளுதல்: மரக்காணக் கடற்கரைச் சொற்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் உரைத்தரவுகளைக் கணினிவழி ஆராய்வோர் எழுத்தெண்ணிக்கை, சொல் தேடல், அகரநிரல் ஆகியவற்றுக்குப் பைத்தான், ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழிகளின் சரம் என்னும் தரவினத்தைப் பயன்படுத்துகின்றனர். அத்தரவினம் எண்ணும் அலகு தமிழ் இலக்கணம் கூறும் எழுத்து அன்று. இதனால் நேரும் பிழைகளை மரக்காணக் கடற்கரை சார்ந்த சில சொற்களைக் கொண்டு இக்கட்டுரை காட்டுகிறது. அவற்றைக் களையும் இனக்குழு ஒன்றின் அமைப்பைத் தொடக்கநிலை ஆய்வாளர்க்கு ஏற்றவாறு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சரம், இனக்குழு, குறியெண், ஒருங்குறி, எழுத்து, மரக்காணம்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மரக்காணம் உப்பளங்களால் அறியப்பட்ட ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சங்கப் பாடல், கல்வெட்டு, இன்றைய தொழில் வழக்கு என மூவகைச் சான்றுகளும் கிடைக்கும் இத்தகைய வட்டாரத்திற்குச் சொல்லடைவு அமைக்க விழையும் ஆய்வாளர், முதற்கண் சரம் என்பதன் இயல்பை அறிதல் வேண்டும்.

சரமும் குறியெண்ணும்

பொருள்நோக்கு மொழியில் சரம் என்பது ஒரு பொருள். அது தரவையும், அத்தரவின்மீது இயங்கும் செயற்கூறுகளையும் ஒருங்கே கொண்டது. பைத்தானிலும் ஜாவாவிலும் ஒருமுறை உருவான சரத்தை மாற்ற இயலாது. ஒரு சொல்லை வேறொன்றால் பதிலிடும் செயற்கூறு பழைய சரத்தை அவ்வாறே விட்டுப் புதிய சரம் ஒன்றைத் திருப்பித் தருகிறது. அதனை ஒரு மாறியில் ஏற்காவிடில் திருத்தம் வீணாகும். ஜாவாவில் இரட்டைச் சமக்குறி இரு மாறிகளும் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்றே நோக்கும். உள்ளடக்கத்தை ஒப்பிடச் சமன்மைச் செயற்கூற்றையே அழைத்தல் வேண்டும். இவை எம்மொழி உரைக்கும் பொதுவானவை.

தமிழுக்குரிய சிக்கல் சரத்தின் அலகில் தோன்றுகிறது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டுத் தரமான இஸ்கியைப் பின்பற்றித் தமிழை அமைத்தது. அதன்படி அகரமேறிய மெய்க்கு ஒரு குறியெண்; புள்ளிக்கும் ஒவ்வோர் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியெண். 'க' ஓர் எண்ணாகவும், 'க்', 'கா' ஆகியன இவ்விரண்டு எண்களாகவும் சேமிக்கப்படுகின்றன. இலக்கணமோ 'க்' என்னும் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு அகரம் கூடியதை உயிர்மெய் என்கிறது. இலக்கணத்தில் கூட்டி அமைந்தது ஒருங்குறியில் அடிப்படையாகவும், இலக்கணத்தில் அடிப்படையானது ஒருங்குறியில் கூட்டி அமைந்ததாகவும் நிற்கின்றன. பின்வரும் பிழைகளுட் பல இம்முரணின் விளைவே.

எண்ணிக்கைப் பிழை

ஐந்து சொற்களின் அளவுகள் வருமாறு:

மரக்காணம்: எழுத்து 6, குறியெண் 9
உப்பளம்: எழுத்து 5, குறியெண் 7
உமணர்: எழுத்து 4, குறியெண் 5
கழுவெளி: எழுத்து 4, குறியெண் 7
எயிற்பட்டினம்: எழுத்து 8; குறியெண் 13

பைத்தான், ஜாவா ஆகியவற்றின் நீளச் செயற்கூறுகள் இரண்டாம் எண்ணையே தருகின்றன. யுடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பின் பைட்டுகளை எண்ணினால் அதன் மும்மடங்கு கிடைக்கும். இவ்வேறுபாட்டை ஒரு நிலையான விகிதத்தால் சரிசெய்ய இயலாது. உமணர், கழுவெளி இரண்டும் நான்கெழுத்துச் சொற்கள். குறியெண் அளவிலோ வேறுபடுகின்றன. உப்பளம், கழுவெளி இரண்டும் ஏழு குறியெண்கள் உடையன, எழுத்தளவிலோ வேறுபடுகின்றன. ஆகவே நீளச் செயற்கூற்றை நம்பிச் சொல்நீளம், எழுத்து வருகை, யாப்பு முதலியவற்றைக் கணக்கிடும் ஆய்வு பிழையான முடிவையே தரும்.

2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பு, உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைக் குறிகளையும் பின்னக் குறிகளையும் தமிழ்த் துணைத்தொகுதியாகச் சேர்த்தது. இவை 16 பிட் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆதலின் ஒரு குறியைப் பைத்தான் ஒன்றென்றும் ஜாவா இரண்டென்றும் எண்ணும். கல்வெட்டையும் பழங்கணக்கையும் உள்ளிடுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

வெட்டலும் தேடலும்

'மரக்காணம்' என்னும் சரத்தின் முதல் மூன்று அலகுகளை வெட்டினால் 'மரக' கிடைக்கும். புள்ளி நீங்கியதால் மெய் உயிர்மெய்யாகத் திரிந்துவிட்டது. இதே காரணத்தால் 'மரக' என்று தேடினாலும் இச்சொல் அகப்படும். 'கல' என்று தேடினால் 'கல்' அகப்படும். சரத்தைத் தலைகீழாக்கினால் முதலில் சார்பற்ற புள்ளி ஒன்று நிற்கும். ககரத்திற்குரிய கால் ணகரத்தோடு சேர்ந்து 'ணா' ஆகும்.

சுருங்குறித்தொடர் எனப்படும் தேடல் வாய்பாட்டில் இச்சிக்கல் மிகுகிறது. பைத்தானின் இயல்பான தொகுதியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறி, புள்ளியையும் உயிர்க்குறியையும் ஏற்பதில்லை. அதனைக் கொண்டு உரையைச் சொற்களாகப் பிரித்தால், 'உப்பளம்' என்பது 'உப', 'பளம' என இரண்டாகவும், 'மரக்காணம்' என்பது 'மரக', 'க', 'ணம' என மூன்றாகவும் உடையும். பைத்தான் 3 'உப்பளம்' என்பதை ஒரு மாறியின் பெயராக ஏற்கும். ஆயின் அச்சரம் முழுதும் எழுத்துகளால் ஆனதா என வினவினால் இல்லை என்றே விடை தரும்.

ஒப்பீடும் நிரலும்

'தோணி' என்னும் சொல்லின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இடலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் வேறு வேறு என்றே கணினி கூறும். ஒருங்குறி வரையறுத்த இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒருவடிவாக்கும். அதற்குரிய செயற்கூறு இருமொழிகளிலும் உண்டு. 'மௌவல்' என்பதில் ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் குறியும் ளகரமும் இட்டுள்ள பிழையை இயல்பாக்கம் திருத்தாது. அதற்குத் தனி விதி வேண்டும்.

குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன் நிற்கின்றன. எனவே இயல்பான நிரற்படுத்தல் அனல், அறம், அலை, அளம், அவல் என அமையும். தமிழ் மரபுப்படி அமைய வேண்டிய நிரல்: அலை, அவல், அளம், அறம், அனல்.

எழுத்துச்சரம் என்னும் இனக்குழு

மேற்கண்டவற்றை ஒவ்வொரு நிரலிலும் தனித்தனியே திருத்துவதினும், எழுத்துச்சரம் என ஓர் இனக்குழுவை ஒருமுறை வரையறுப்பது நன்று. அதன் ஆக்கி முதலில் உள்ளீட்டை இயல்பாக்கும். பின்னர்க் குறியெண்களை வரிசையாக நோக்கி, புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்க்கும்; பிற எதுவாயினும் புதிய எழுத்தைத் தொடங்கும். ஒருங்குறியில் ஆய்தம் தனியெழுத்தாக வகைப்பட்டிருப்பதால் இவ்விதி அதற்கும் பொருந்தும். 'க்ஷ' போன்ற கிரந்தக் கூட்டெழுத்தை ஒன்றெனக் கொள்வதா இரண்டெனக் கொள்வதா என்பதை ஆய்வாளரே முடிவுசெய்து ஆய்வில் குறிப்பிடல் வேண்டும்.

இவ்வாறு பெற்ற எழுத்துப் பட்டியல் பொருளின் உள்ளே உறைபொதியப்படும். நீளம், வெட்டல், தேடல், தலைகீழாக்கல் ஆகிய செயற்கூறுகள் அப்பட்டியலின்மீதே இயங்கும். பைத்தானில் நீளத்திற்குரிய சிறப்புச் செயற்கூற்றை இவ்வினக்குழுவில் வரையறுத்தால், வழக்கமான நீளக் கட்டளையே 'மரக்காணம்' என்பதற்கு 6 என விடை தரும். ஒப்பீட்டுச் செயற்கூறு, மரபு வரிசையில் எழுத்துகளுக்கு வரிசையெண் அளித்து அவ்வெண்களை ஒப்பிடும்.

இத்திசையில் முன்முயற்சிகள் உள்ளன. பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நிரலகம் சரத்தை எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. ஸ்விஃப்ட் மொழியின் சரம் இயல்பாகவே 'மரக்காணம்' என்பதை 6 என எண்ணும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ஏற்ற டேஸ்-16 முறை எழுத்துக்கு ஒரு குறியெண் அளித்தது. ஆயின் அது தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் பொதுமென்பொருள்கள் அதனை அறியா.

முடிவுரை

தமிழ் உரைத்தரவு ஆய்வில் சரத்தை எழுத்துகளின் தொடராகக் கொள்ளுதல் பிழையான எண்ணிக்கைக்கும், பொய்யான தேடல் விளைவுக்கும், மரபுக்கு மாறான நிரலுக்கும் இட்டுச்செல்லும். இயல்பாக்கம், எழுத்துப் பிரிப்பு, மரபு நிரல் ஆகிய மூன்றையும் ஓர் இனக்குழுவுள் அமைத்த பின்னரே எண்ணத் தொடங்குதல் முறை. கணினிவழி எண்ணிக்கைகளை வெளியிடும் ஆய்வுகள், எண்ணப்பட்ட அலகு குறியெண்ணா எழுத்தா என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும். அக்குறிப்பின்றி ஓர் ஆய்வின் எண்ணை மற்றோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிட இயலாது.