ஆஸ்பத்திரியில் தொற்றிய கிருமி: வழக்கு எதில் நிற்கும்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பித்தப்பைக் கல்லுக்காகத் தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. தானாகவே நடந்து போய்ச் சேர்ந்தவர். நான்காம் நாள் குளிர்ஜுரம் வந்தது. ஆறாம் நாள் ஐசியூ, வென்டிலேட்டர். ஒன்பதாம் நாள் நாங்களே சென்னைக்குக் கொண்டுபோனோம். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அங்கே சொன்னார்கள். ஐந்து நாளில் இறந்துவிட்டார். இருபத்திரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் வந்த கிருமி என்றாலே அது அவர்கள் தப்புத்தானே? நஷ்ட ஈடு கிடைக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாசகர் எழுதியது நான்கு பக்கக் கடிதம். இங்கே இருப்பது அதன் சாரம் மட்டுமே. பில் கவுன்ட்டரில் பேசிய பேச்சு, பெரிய டாக்டர் எட்டிப்பார்க்காதது, உறவினர்களை வாசலிலேயே நிறுத்தியது ஆகியவை கடிதத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கின்றன. மனவேதனை புரிகிறது. ஆனால் வழக்கின் முடிவை இவை தீர்மானிக்கப்போவதில்லை.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: இல்லை. கிருமி ஆஸ்பத்திரியில் தொற்றியது என்பதாலேயே அது சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. பொதுவாக, அனுமதிக்கப்பட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை மருத்துவமனைத் தொற்று என்று மருத்துவ உலகம் கணக்கில் வைக்கிறது. நான்காம் நாள் ஜுரம் அந்தக் கணக்குக்குள் வருகிறது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்கமாட்டார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் நோயாளியின் குடலிலேயே முன்பிருந்து குடியிருக்கலாம் என்பார். அதை வெறும் சால்ஜாப்பு என்று தள்ளிவிட முடியாது. கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்குகளையும் செயலிழக்க வைக்கும் என்டிஎம்-1 மரபணு பற்றி 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னையில் பணியாற்றிய கார்த்திகேயன் குமாரசாமி. ஆராயப்பட்ட மாதிரிகளில் சென்னையில் எடுத்தவையும் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்த தொற்றுகளிலும் அந்த மரபணு தென்பட்டது.

நோயாளி இறந்தார் என்பதற்காகவே டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. சென்னையில் 1995-ல் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டு 1996-ல் இறந்த ஒருவரின் குடும்பம் நடத்திய வழக்கு 2022-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பு குடும்பத்துக்குச் சாதகமாக இல்லை.

அப்படியானால் வழக்கே இல்லையா? இருக்கலாம். அது ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது. நான்காம் நாள் ஜுரம் வந்ததிலிருந்து ஒன்பதாம் நாள் வெளியேறும் வரை, முதல் மருத்துவமனை எந்த மணிக்கு என்ன செய்தது?

அறுவை சிகிச்சைக்குப் பின் குளிர்ஜுரம் வந்து தொற்று என்ற சந்தேகம் எழுந்தால் செய்ய வேண்டியது தெரிந்த விஷயம். ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன் ரத்தம் எடுத்து பிளட் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நோயாளியைக் காக்கவைக்க முடியாது என்பதால் பல கிருமிகளையும் தாக்கும் மருந்தைத் தொடங்கிவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ரத்த அழுத்தம் சரியும் அளவுக்கு செப்சிஸ் முற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். வாசகர் இணைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘செப்சிஸ்’ என்ற சொல் இருக்கிறது. ‘கல்ச்சர்’ என்ற சொல் எங்குமே இல்லை. கிருமி கிளெப்சியெல்லா, மெரோபெனமுக்குக் கட்டுப்படாது என்று கண்டுபிடித்தது சென்னை மருத்துவமனை. முதல் இடத்தில் ஐந்து நாளும் கல்ச்சரே அனுப்பவில்லை என்றால் வழக்கில் உயிர் இருக்கிறது. நான்காம் நாளே அனுப்பி, ரிப்போர்ட் வந்த அன்றே மருந்தை மாற்றியிருந்தால், வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் இல்லை.

இந்த ஒரு காகிதம் இரண்டு பக்கமும் வெட்டும். 1991-ல் மும்பையில் ஒரு சிறுநீரக நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டது. அங்கும் கிருமி கிளெப்சியெல்லாதான். பரிசோதனையில் அது அமிகாசினையும் இன்னொரு மருந்தையும் தவிர வேறெதற்கும் கட்டுப்படவில்லை. அமிகாசின் கொடுத்தார்கள், நோயாளிக்குக் காது கேட்காமல் போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 4 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றம் மார்ட்டின் டிசோசா வழக்கில் அந்த உத்தரவை ரத்து செய்தது. அங்கே டாக்டருக்குக் கைகொடுத்த முக்கியமான ஆவணங்களில் ஒன்று கல்ச்சர் ரிப்போர்ட்.

இன்னொரு வழியும் உண்டு. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு இருந்ததா, கழுத்து ரத்தநாளத்தில் போட்ட குழாயை எத்தனை நாள் வைத்திருந்தார்கள், அதே ஐசியூவில் அதே வாரம் வேறு யாருக்கும் இதே கிருமி வந்ததா என்று கேட்கலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2020-ல் இதற்கென்றே தேசிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இந்தத் தகவல் எல்லாம் மருத்துவமனையின் அலமாரியில் இருக்கிறது, குடும்பத்திடம் இல்லை. சவிதா கார்க் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. முதற்கட்ட ஆதாரத்தைப் புகார்தாரர் காட்டிவிட்டால், உரிய கவனம் எடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு மருத்துவமனையின் மேல் போகும். அந்த முதற்கட்ட ஆதாரம்தான் இங்கே காணவில்லை.

இனி வாசகருக்குப் பிடிக்காத பகுதி.

இருபத்திரண்டு மாதத்தில் இந்தக் குடும்பம் கேஸ் ஷீட் கேட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தர வேண்டும். அதே விதிகள் உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்கவும் சொல்கின்றன. மூன்று வருடம் கழித்து ‘அழித்துவிட்டோம்’ என்றால் கேட்க முடியாது. சென்னையில் கொடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்தார்களாம். அசல் எங்கே என்று தெரியவில்லையாம். அந்தப் போனையும் மாற்றிவிட்டார்களாம். பில்களை மட்டும் ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார்கள். பணம் கட்டியதற்குத்தான் பில் சாட்சி, சிகிச்சைக்கு அல்ல.

காலக்கெடு இதைவிட மோசம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 69-வது பிரிவு புகாருக்கு இரண்டு வருடம்தான் தருகிறது. இறந்த தேதியிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய இரண்டு மாதம் பாக்கி. முதல் மருத்துவமனையை விட்டு வெளியேறிய தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடினால் இன்னும் ஐந்து நாள் குறையும். அதையே கெடுவாக வைத்துக்கொள்வது நல்லது. தலைத் திவசம் முடியட்டும் என்று ஒரு வருடம் போயிருக்கிறது. அதன்பின் மேனேஜர் ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று சொன்னதை நம்பி பத்து மாதம். சமரசப் பேச்சு காலக்கெடுவை நிறுத்தாது. வக்கீல் நோட்டீஸும் நிறுத்தாது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்காருவது விவேகமல்ல. மகாராஷ்டிரத்தில் ஒரு நர்ஸுக்கு 1993-ல் இதே பித்தப்பை அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணி விடுபட்டது. 2002-ல் இன்னொரு அறுவை சிகிச்சையில் அதை எடுத்தார்கள். 2004-ல் அவர் போட்ட புகார், காலம் கடந்தது என்று 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. வயிற்றில் துணி இருந்த வழக்குக்கே அந்தக் கதி.

எங்கே போடுவது? முதல் மருத்துவமனைக்குக் கட்டியது 3,40,000 ரூபாய் என்று பில் காட்டுகிறது. இப்போதைய சட்டத்தில் கேட்கும் இழப்பீடு கணக்கல்ல, கட்டிய தொகைதான் கணக்கு. 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். தாயாரும் பிள்ளைகளும் சட்டப்படியான வாரிசுகளாகச் சேர்ந்து போட வேண்டும். ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியது தடையாகாது.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி. 2005-ல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு டாக்டர் மீது குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் தெரிய வேண்டும். கையில் இருக்கும் இந்தக் காகிதங்களில் அது தெரியவில்லை. இருக்கும் நாட்களை ஸ்டேஷன் வாசலில் கரைக்க வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது இரண்டு கடிதங்கள். இரண்டு மருத்துவமனைகளுக்கும், வாரிசுச் சான்றிதழ் நகலோடு, ஸ்பீட் போஸ்ட்டில், ரசீதைப் பத்திரப்படுத்தி. ‘ரெக்கார்டு கொடுங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. ஜுரம் குறித்த சார்ட், நர்ஸ் குறிப்புகள், எந்த மருந்து எந்த மணிக்கு என்ற டிரக் சார்ட், ரத்தம் எடுத்த நேரமும் முடிவு வந்த நேரமும் உள்ள லேப் ரிப்போர்ட்டுகள், ஐசியூ பதிவுகள், ஒப்புதல் படிவங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வந்தவற்றைத் தொற்றுநோய் சிகிச்சையிலோ ஐசியூ சிகிச்சையிலோ அனுபவமுள்ள டாக்டரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குவது நல்லது. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமி பற்றிய வாதத்தை நிபுணர் இல்லாமல் நடத்துவது ஆபத்து. ஆவணம் வரத் தாமதமானால் காத்திருக்கக் கூடாது. இருப்பதை வைத்துப் புகாரைத் தாக்கல் செய்துவிட்டு, மற்றவற்றைக் கொண்டுவர உத்தரவிடும்படி ஆணையத்திடம் தனி மனு கொடுக்கலாம்.

இந்தப் பதில் ஒரு கடிதத்தையும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்லையும் மட்டும் பார்த்து எழுதியது. கேஸ் ஷீட்டைப் பார்க்கும் வக்கீல் வேறு முடிவுக்கு வரலாம். வாசகர் இந்த வாரமே மருத்துவ அலட்சிய வழக்கு நடத்திப் பழகிய ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்க வேண்டும். வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். மருத்துவமனையிலிருந்து மறுபடி சமாதானப் பேச்சுக்குக் கூப்பிட்டால், போவதற்கு முன் புகாரைத் தாக்கல் செய்துவிடவும்.